குவாத்தமாலாவில் ஸ்பானிஷ்: படிக்கப் போவதும் தொண்டுக்குப் போவதும்

கேட்சல்தெனாங்கோ நகரில் நான் ஸ்பானிஷ் படித்த பள்ளி ஒரு பழைய வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். தாழ்வாரம் நெடுகிலும், ஒருவர் பேச்சு அடுத்தவரைக் குழப்பாத தூரத்தில் சின்னச் சின்ன மேசைகள். மேசைக்கு இரண்டு நாற்காலி: ஒன்றில் ஆசிரியை, எதிரே மாணவர். அங்கே வகுப்பு என்றால் இவ்வளவுதான். முதல் நாள் காலை எட்டு மணிக்கு ஆசிரியை மேசையைத் தட்டிக்காட்டி ‘லா மேசா’ என்றார். ‘மேசை’ என்று என் வாயில் தானாக வந்தது. சுவரோரம் இருந்த அலமாரியைக் காட்டினார்: ‘அர்மாரியோ’. போர்த்துகீசியர் நம் கடற்கரையில் விட்டுப்போன சொற்கள் இவை. ஸ்பானிஷின் உடன்பிறந்த மொழியிலிருந்து வந்து நம் வீட்டுச் சொற்களாகிவிட்டவை. மத்திய அமெரிக்காவின் மலை ஊர் ஒன்றில் அவையே எனக்கு முதல் பாடமாகத் திரும்பக் கிடைத்தன.

இந்த மாதிரித் தாழ்வாரங்களைத் தேடி உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நம்மவர்களும் வருகிறார்கள். டெக்சாசிலும் கலிபோர்னியாவிலும் வேலை பார்க்கும் தமிழ் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஸ்பானிஷ் தெரியாமல் ஒரு நாளை ஓட்டுவது கடினம். அவர்களிடம் வரும் நோயாளிகளில் பலர் அந்த மொழிக்காரர்கள். அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் கல்லூரி விடுமுறையில் வருகிறார்கள். பள்ளிகள் தரும் ஏற்பாடு பொதுவாக ஒன்றுதான்: காலையில் நான்கைந்து மணி நேரம் ஒருவருக்கு ஒருவர் வகுப்பு, உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கல், அங்கேயே சாப்பாடு, மதியத்துக்கு மேல் விருப்பமிருந்தால் ஊருக்குள் தொண்டு. வகுப்பும் தங்கலும் சேர்ந்து வாரத்துக்கு 200, 300 டாலர் என்ற அளவில் முடிந்துவிடும். ஐரோப்பாவில் இந்தப் பணத்துக்குத் தனி ஆசிரியர் கிடைப்பது கனவு.

மொழியும் படிக்கலாம், ஊருக்கும் உதவலாம் என்ற இந்த இரட்டை வாக்குறுதியில் எவ்வளவு உண்மை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பாதி முழு உண்மை. இரண்டாம் பாதி சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான் உண்மை. அந்த நிபந்தனைகளில் பெரியது மொழி. மொழி வராத தொண்டர் ஊருக்குச் சுமை. மொழி படிக்க வரும் மாணவரோ, வேறு எதுவும் செய்யாமல் ஒழுங்காகப் படித்துக் கட்டணம் கட்டிவிட்டுப் போனாலே ஊருக்கு ஒரு நன்மை செய்துவிட்டுப் போகிறார். இதை உணர எனக்கு ஆறு வாரம் பிடித்தது.

இந்தத் தொழில் அங்கே எப்படி வேரூன்றியது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை. ஸ்பானியர் ஆட்சியில் ஆன்டிகுவா தலைநகரமாக இருந்தது. 1773 ஜூலை 29 அன்று வந்த நிலநடுக்கம் அதைத் தரைமட்டமாக்கியது. மூன்றாண்டுக்குள் தலைநகரத்தை இன்றைய குவாத்தமாலா நகரத்துக்கு மாற்றினார்கள். இடிந்த தேவாலயங்களும் கல் பாவிய தெருக்களுமாக ஆன்டிகுவா அப்படியே நின்றுபோனது. 1979-ல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்த ஊரில்தான் 1969-ல் பிரான்சிஸ்கோ மரோகின் மொழித் திட்டம் என்ற நிறுவனம் தொடங்கியது. அமெரிக்காவின் அமைதிப் படைத் தொண்டர்கள் உட்பட வெளிநாட்டவர்களுக்கு அங்கே ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வருமானம் போன இடம்தான் முக்கியம். நாட்டின் பூர்வகுடி மொழிகளான மாயா மொழிகளின் ஆய்வுக்கும், மாயா இளைஞர்களை மொழியியலாளர்களாகப் பயிற்றுவிப்பதற்கும் அது பயன்பட்டது. டெரன்ஸ் காஃப்மன், நோரா இங்கிலாந்து போன்ற மொழியியலாளர்கள் அங்கே பணியாற்றினார்கள். நோரா இங்கிலாந்து எழுதிய மாம் மொழி இலக்கணம் 1983-ல் வெளிவந்தது. வெளியூர்க்காரர் ஆதிக்க மொழியைப் படிக்கக் கொடுத்த காசில், பேச்சுவழக்கு என்று ஒதுக்கப்பட்ட மொழிகளுக்கு அகராதியும் இலக்கணமும் எழுதப்பட்டன. மொழிப் பள்ளி ஒன்று செய்யக்கூடிய தொண்டில் இதைவிடப் பெரியதை நான் கேள்விப்பட்டதில்லை. யாரும் குழந்தைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளாமலேயே நடந்த தொண்டு இது.

இடையில் நாடு பட்ட பாடு சொல்லி முடியாது. 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். நடுவே 1976 பிப்ரவரி 4 விடியற்காலையில் வந்த நிலநடுக்கத்தில் சுமார் 23,000 பேர் இறந்தார்கள். போரில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள் என்று 1999-ல் ஐநா ஆதரவுடன் வெளிவந்த உண்மை ஆணைய அறிக்கை கணக்கிட்டது. அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் பேர் மாயா மக்கள். 93 சதவீத மீறல்களுக்கு அரசுப் படைகளும் அவற்றின் துணைக் குழுக்களுமே பொறுப்பு என்றது. அதற்கு முந்தைய ஆண்டு, திருச்சபை தொகுத்த இதே போன்ற அறிக்கையை வெளியிட்ட இரண்டாம் நாள் ஆயர் ஹுவான் ஹெரார்தி தலை நசுக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். ஈழப் போரைத் தூரத்திலிருந்தாவது பார்த்த தமிழ் வாசகருக்கு இந்த வரிகளின் கனத்தை விளக்க வேண்டியதில்லை.

போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1988-ல், கேட்சல்தெனாங்கோவில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. நாட்டில் நடப்பதை வெளியுலகத்துக்குச் சொல்ல மொழி வகுப்பே ஒரு வழி என்று நினைத்தவர்கள் தொடங்கியது. அந்தப் பாணியில் இன்னும் பல பள்ளிகள் பின்னால் வந்தன. அந்த ஊருக்கு உள்ளூரில் ஷேலா என்று பெயர். மாயா மொழிகளில் ஒன்றான கிச்சேயில் வழங்கிய பழம்பெயரின் சுருக்கம் அது. கேட்சல்தெனாங்கோ என்பது 1524-ல் படையெடுத்து வந்த ஸ்பானியருடன் வந்த மெக்சிகோ வீரர்கள் தங்கள் மொழியில் வைத்த பெயர். உயரம் 2,330 மீட்டர். நம் ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே. காலையில் கம்பளி இல்லாமல் தாழ்வாரத்தில் உட்கார முடியாது. ஆன்டிகுவாவில் தெருவில் இறங்கினால் ஆங்கிலத்திலேயே காலத்தைத் தள்ளிவிடலாம். ஷேலாவில் அது நடக்காது. அதனாலேயே மொழிக்கு அது நல்ல ஊர்.

இனி படிப்புக்கு வருவோம். ஆறு வாரத்தில் ஸ்பானிஷ் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூதரக அலுவலர்களுக்கு மொழி கற்பிக்கும் அமெரிக்க அரசுப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் தாய்மொழியான ஒருவர் வேலைக்குப் போதிய அளவு ஸ்பானிஷ் பேச 600 முதல் 750 மணி நேர வகுப்பு வேண்டும் என்கிறது. (அதே பட்டியலில் தமிழுக்கு 1,100 மணி நேரம் என்று போட்டிருப்பதைப் பார்த்து நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.) நாளுக்கு ஐந்து மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்றால் ஆறு வாரத்தில் 150 மணி. அதிகபட்சம் கால்வாசிப் பாதை. வெளிநாட்டில் போய் மொழி படிப்பது பற்றி ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருவதும் இதை ஒட்டியே இருக்கிறது: பேச்சின் ஓட்டம் நன்றாகக் கூடும், இலக்கணத் துல்லியம் அதே வேகத்தில் கூடாது. உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கினால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்பதும் எப்போதும் பலிப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லாரும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே என்ன மொழி வரும்?

ஆனால் தமிழ் பேசுபவர் ஒருவருக்கு இந்த மொழியில் சில கதவுகள் திறந்தே இருக்கின்றன. நாம் எல்லாரும் ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷைப் படிக்கப் போவதால் அவை கண்ணில் படுவதில்லை. ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்கு முதல் மாதம் முழுக்கத் தலைவலி தருவது ‘மே குஸ்தா எல் கஃபே’ என்ற வாக்கியம். ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பது அதன் பொருள், அமைப்பும் அதேதான். பிடிப்பது காபி, ‘எனக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. ‘மே துவேலே லா கபேசா’ என்றால் ‘எனக்குத் தலை வலிக்கிறது’. ‘நான்’ எங்கே போயிற்று என்று ஆங்கிலக்காரர் தேடிக்கொண்டிருக்கும்போது நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். வினைமுற்றின் விகுதியே ஆளைக் காட்டிவிடுவதும் நமக்குப் பழகியது. ‘வந்தேன்’ என்றால் யார் வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டாம், ஸ்பானிஷிலும் அப்படித்தான்.

‘இருத்தல்’ என்பதற்கு ஸ்பானிஷில் செர், எஸ்தார் என்று இரண்டு வினைகள். உலகம் முழுக்க மாணவர்கள் திணறும் இடம் இது. நான் இதைத் தமிழில் வைத்துப் பார்த்தேன். ‘அவர் ஆசிரியை’ என்பதில் நமக்கு வினையே வேண்டாம். அங்கே செர் வரும். ‘அவர் வீட்டில் இருக்கிறார்’, ‘களைப்பாக இருக்கிறார்’ என்று ‘இரு’ வந்தால் அங்கே எஸ்தார். எல்லா இடத்திலும் பொருந்தாது. ‘உயரமாக இருக்கிறார்’ என்பதற்கு அவர்கள் செர் போடுவார்கள். ஆனாலும் பாதி தூரம் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டுபோக இது போதும். ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர் குறிப்பேட்டை என் பக்கம் தள்ளி அந்தத் தமிழ் வாக்கியங்களை எழுதச் சொன்னார்.

ஒலியும் அப்படியே. ‘பெரோ’ என்றால் ஆனால். ‘பெறோ’ என்று நாக்கை உருட்டினால் நாய். கரி, கறி, அரம், அறம் என்று ஆரம்பப் பள்ளியில் வாய்விட்டுச் சொன்னவர்களுக்கு ரகர வேறுபாடு பொருளை மாற்றும் என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கென்று ஒரு தனி எழுத்தாக இருக்கும் ஞகரம் நமக்கு ‘ஞாயிறு’வில் இருக்கிறது. மரியாதைச் சொல்லில் இன்னும் நெருக்கம்: குவாத்தமாலாவில் தோழர்களுக்குள் ‘வோஸ்’, பெரியவர்களுக்கும் புதியவர்களுக்கும் ‘உஸ்தேத்’, இடையில் ‘தூ’. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரருக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. நாம் தடுக்கி விழுவது வேறு இடத்தில். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பது உயர்திணை, அஃறிணை என்று பழகிய மனத்தில் ஏறவே ஏறாது. ஆறு வாரம் கழித்தும் எனக்கு அங்கேதான் பிழை வந்தது.

இந்த இடத்தில் முக்கியமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் படிக்கப் போகும் ஸ்பானிஷ் அந்த ஊர்க்காரர்களில் ஏராளமானோருக்கும் படித்து வந்த மொழிதான். குவாத்தமாலாவில் 22 மாயா மொழிகள் இருக்கின்றன. அவற்றோடு ஷிங்கா, கரிஃபுனா. 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தங்களை மாயா என்று பதிந்தார்கள். 2003-ல்தான் தேசிய மொழிகள் சட்டம் வந்தது. 1992-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரிகோபெர்த்தா மெஞ்சு கிச்சேப் பெண். ஸ்பானிஷை இரண்டாம் மொழியாகக் கற்றுக்கொண்டவர். நான் தங்கிய வீட்டு அம்மாவும் கிச்சேக்காரர். தங்கையோடு போனில் பேசும்போது ஒரு மொழி, என்னோடு இன்னொன்று. என்னோடு பேசும் மொழியில் அவர் ஒவ்வொரு சொல்லாக வைப்பார், அவசரப்பட மாட்டார். பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசியதற்கு அடி வாங்கியதைப் பற்றி ஒரு நாள் சொன்னார். அன்றிலிருந்து காலையில் ‘புவெனோஸ் தியாஸ்’ சொல்வதை விட்டு ‘சகாரிக்’ என்று சொல்லத் தொடங்கினேன். அவர் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது.

அந்த அடுப்படியில் எனக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஏலக்காய் வாங்கி வந்து, தட்டிப் போட்டுத் தேநீர் வைத்தேன். வீட்டில் யாரும் அதைக் குடித்துப் பார்த்ததில்லை. உலகத்திலேயே அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு குவாத்தமாலா! 1914 வாக்கில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் இந்தியாவிலிருந்து விதை கொண்டுவந்து வடக்கே அல்தா வெரபாஸ் மலைகளில் போட்டார். இன்று கெக்சி மாயா விவசாயிகள் விளைவிக்கும் காய் பெரும்பாலும் அரபு நாடுகளுக்குப் போகிறது. போடிநாயக்கனூர் ஏலத்தில் விலை ஏறுவதும் இறங்குவதும் அந்த மலைகளின் விளைச்சலையும் பொறுத்தது. நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் செடி, விளைவிப்பவர் வீட்டுக்குள் நுழையாமல் கடல் தாண்டிப் போகிறது. இந்த மாதிரிச் செய்திகள் வகுப்பில் வராது. ஒரு குடும்பத்தின் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றால்தான் வரும்.

தொண்டைப் பற்றிய கேள்விக்கு இப்போது வரலாம். இதில் மிகக் கடுமையான குரல் எழுந்தது ஒரு மொழிப் பள்ளியிலிருந்துதான். வியன்னாவில் பிறந்து கத்தோலிக்கக் குருவான இவான் இல்லிச், 1960களில் மெக்சிகோவின் குவெர்னவாக்காவில் ஒரு மையம் நடத்தினார். லத்தீன் அமெரிக்காவுக்குப் போகும் பாதிரிமாருக்கும் தொண்டர்களுக்கும் அங்கே தீவிர ஸ்பானிஷ் வகுப்பு. மையத்தின் செலவை ஓட்டியதும் அந்த வகுப்புக் கட்டணமே. 1968 ஏப்ரல் 20 அன்று, கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் புறப்படவிருந்த மாணவர்களின் மாநாட்டில் பேச அவரை அழைத்தார்கள். அவர் அவர்களுடைய நல்லெண்ணத்தைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஊரின் மொழி தெரியாமல், நிலைமை தெரியாமல், யாரும் கூப்பிடாமல் உதவ வருவது அந்த மக்கள்மீது செய்யும் திணிப்பு என்றார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். ஐம்பது ஆண்டு தாண்டியும் இதற்கு யாரும் முழு பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

இல்லிச் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேனா? முழுக்க இல்லை. ஆனால் ஒரு வகைத் தொண்டில் அவர் பேச்சு நூற்றுக்கு நூறு பொருந்துகிறது: அநாதை இல்லங்கள். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அங்கிருந்த குழந்தைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அப்பா அல்லது அம்மா உயிரோடு இருந்தார்கள். வெளிநாட்டுத் தொண்டர்களும் நன்கொடையும் வருவதால் குழந்தைகளைக் கொண்டுவந்து நிரப்பும் வியாபாரம் வளர்ந்தது. 2018-ல் ஆஸ்திரேலியா இதை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது. குவாத்தமாலாவுக்குக் குழந்தைகளை வைத்து நடந்த வியாபாரம் புதிதல்ல. 2007-ல் மட்டும் 4,700-க்கு மேற்பட்ட குழந்தைகள் தத்து என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனார்கள். திருட்டும் பொய்ப் பத்திரமும் வெளிவந்த பிறகு அந்த ஆண்டு இறுதியில் சட்டம் மாற்றப்பட்டது. 2017 மார்ச் 8 அன்று தலைநகருக்குப் பக்கத்தில் அரசு நடத்திய இல்லத்தில், அறைக்குள் பூட்டி வைக்கப்பட்ட 41 சிறுமிகள் தீயில் இறந்தார்கள். இந்த வரலாறு இருக்கும் நாட்டில், இரண்டு வாரம் குழந்தைகளோடு விளையாட வருகிறேன் என்று ஒருவர் வரலாமா? கூடாது. தாயைப் பிரிந்த பிள்ளை புதிதாக ஒருவரோடு ஒட்டிக்கொள்கிறது. பதினைந்தாம் நாள் அவரும் போய்விடுகிறார். அடுத்த திங்கட்கிழமை இன்னொருவர் வருகிறார். இதில் நான் எந்த விட்டுக்கொடுப்புக்கும் தயாராக இல்லை.

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தொண்டில் கேடு குறைவு, பயனும் குறைவு. நான் போய்ப் பார்த்த ஒரு வகுப்பில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நிறங்களின் பெயரை ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். மாதத்துக்கு ஒரு தொண்டர் மாறுகிறார், ஒவ்வொருவரும் நிறத்திலும் எண்ணிலுமே தொடங்குகிறார். பிள்ளைகள் அதைத் தாண்டவே இல்லை.

மருத்துவ முகாம்கள் இன்னும் கவனம் வேண்டுபவை. ஒரு வாரம் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனால், சர்க்கரை நோயாளிக்கு அடுத்த மாதம் மருந்து யார் தருவது? ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் வயதுக்குரிய உயரம் இல்லாமல் இருக்கும் நாடு அது. ஒரு வார முகாமில் தீரக்கூடிய நோய் அல்ல அது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் மதிப்புள்ள அமைப்பு வூக்கு கவோக். நோயாளியின் தாய்மொழியில், கக்சிகேல் போன்ற மாயா மொழிகளில், மருத்துவம் பார்க்க வேண்டும் என்பதையே அடிப்படையாக வைத்து நடப்பது. ஸ்பானிஷ் கற்று வரும் மருத்துவருக்கு அது ஒரு உண்மையைச் சொல்கிறது: நீங்கள் படித்தது முதல் படி மட்டுமே.

அடுப்புக் கட்டும் வேலைக்கு நானும் போனேன். மலைச்சரிவில் ஒற்றை அறை வீடு. தரையில் மூன்று கல் வைத்து விறகு எரித்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கூரையின் உட்பக்கம் கரி ஏறித் தார் பூசினாற்போல் இருந்தது. கல் கட்டி, மேலே இரும்புத் தகடு பதித்து, புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டுவது திட்டம். கொத்தனார் அடுத்த கிராமத்துக்காரர். நானும் இன்னும் இருவரும் சுமை தூக்கினோம், கலவை குழைத்தோம். நான் அடுக்கிய இரண்டு வரிசையைக் கொத்தனார் ஒன்றும் சொல்லாமல் பிரித்துவிட்டு மறுபடி கட்டினார்.

அன்றைக்கு நடந்த முக்கியமான காரியம் கல் வேலை அல்ல. அந்த வீட்டுப் பாட்டிக்கு ஸ்பானிஷ் தெரியாது. நான் என் அரைகுறை ஸ்பானிஷில் கேட்டதை எட்டு வயதுப் பேத்தி கிச்சேயில் பாட்டியிடம் சொன்னாள். பதிலை ஸ்பானிஷில் எனக்குத் திருப்பிச் சொன்னாள். இரண்டு மூன்று கேள்விக்குப் பிறகு எனக்குச் சொல் தீர்ந்துபோயிற்று. அப்போது கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிச்சேயில் பேசினார். வெகுநேரம் பேசினார். பாட்டி தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து சமைத்தே பழகியவர். வரைபடத்தில் இருந்த உயரத்தில் அடுப்பு கட்டினால் அவரால் பயன்படுத்த முடியாது. ஒரு வரிசைக் கல்லைக் குறைத்தார்கள். அந்த ஒரு வரிசையைக் குறைக்கத் தெரிந்தவர்தான் அங்கே உதவி செய்தவர். எங்கள் மூவருடைய கைகளும் இல்லாமலே அந்த அடுப்பு நின்றிருக்கும். தகட்டுக்கும் கொத்தனார் கூலிக்கும் நாங்கள் கொடுத்த பணம் இல்லாமல் நின்றிருக்காது.

நெடுங்காலம் தங்குபவர்களின் கதை வேறு. பார்சிலோனாவில் பிறந்த விசென்டே ஃபெரர் 1952-ல் இந்தியாவுக்கு வந்தார்; 1969-ல் அனந்தப்பூரில் குடியேறி, 2009-ல் இறக்கும்வரை அந்த வறண்ட மாவட்டத்திலேயே இருந்தார். கிணறு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அந்த நாற்பது ஆண்டில் வந்தவை. ஸ்பெயின் மண்ணிலிருந்து நம் பக்கத்துக்கு வந்த அவரை வைத்துப் பார்க்கும்போது, நம் பக்கத்திலிருந்து ஆறு வாரம் அங்கே போகிறவர் தன்னை என்னவென்று அழைத்துக்கொள்வது? மாணவர் என்பதே பொருத்தமான பெயர்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. பயணமே ஒன்றரை நாள். நேரடி விமானம் கிடையாது. விசா விதிகளைத் தூதரகத்தில் கேட்டுக்கொண்டு டிக்கெட் எடுங்கள். 2020-ல் எல்லைகள் மூடப்பட்டபோது பல பள்ளிகள் இணையத்தில் வகுப்பு நடத்தத் தொடங்கின, இன்றும் நடத்துகின்றன. கிளம்புவதற்கு முன் வீட்டிலிருந்தபடியே ஐம்பது மணி நேரமாவது படித்துவிட்டால், அங்கே போய் முதல் பதினைந்து நாளை எண்ணும் எழுத்தும் படிப்பதில் கழிக்க வேண்டாம். குறைந்தது ஆறு வாரம் ஒதுக்க முடியாவிட்டால் தொண்டை மறந்துவிட்டு மொழியை மட்டும் படியுங்கள். தொண்டு செய்தே ஆக வேண்டும் என்றால் பள்ளியிடம் ஒன்று கேளுங்கள்: இந்த வேலையை யார் நடத்துகிறார்கள், நான் வராத மாதம் இது எப்படி நடக்கிறது? நீங்கள் வராவிட்டால் நின்றுபோகும் வேலை என்றால் அதில் சேராதீர்கள். ஊர்க்காரர்கள் ஆண்டு முழுக்கச் செய்துவரும் வேலையில் கூடுதலாக ஒரு கை என்றால் சேருங்கள். நாற்றங்காலில் மண் நிரப்புவது, நூலகத்தில் புத்தகம் அடுக்குவது மாதிரி, உங்கள் மொழிக் குறை யாரையும் காயப்படுத்தாத வேலையைத் தேர்ந்தெடுங்கள். கட்டணத்தில் ஆசிரியருக்கும் தங்கும் குடும்பத்துக்கும் எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், நல்ல பள்ளிகள் மறைக்காமல் சொல்லும்.

கடைசிக் கேள்வி ஏன் முக்கியம் என்பதை என் ஆசிரியை சொல்லித் தெரிந்துகொண்டேன். அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. மாணவர் உள்ள வாரத்துக்கு மட்டும் கூலி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேசைகள் நிரம்பியிருக்கும். செப்டம்பரில் பாதி நாற்காலி காலி. இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம் கட்டுவது அந்த மூன்று மாத வருமானத்தில். கடைசி நாளில், உங்களுக்கு நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. ‘செப்டம்பரில் இரண்டு மாணவர்களை அனுப்புங்கள், அல்லது நீங்களே திரும்பி வாருங்கள்’ என்றார்.

திரும்பிப் போக இன்னும் வழி வாய்க்கவில்லை. செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்குச் சென்னையில் கணினியைத் திறந்து உட்காருகிறேன். அங்கே காலை ஆறரை. அவர் தோளில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, காபிக் கோப்பையோடு திரையில் வருகிறார். மேசையை நான் இன்னும் சில சமயம் ஆண்பாலாக்கிவிடுகிறேன். அவர் அதை ஒவ்வொரு முறையும் திருத்துகிறார்.